நெஞ்சுக்குள் கேட்ட சத்தம்! குருவிநத்தத்திலிருந்து போர் விமானம் பார்க்கப் போன கதை

"ஒரு ஏரோப்ளேன் மேல ஏறுறதைப் பார்க்கவா ஆளுக்கு ஆயிரம் ரூபா குடுத்துட்டு பெங்களூரு போறீங்க? மொட்டை மாடியில நின்னா தினமும்தான் போகுது!"

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அண்ணி கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் ஊர் குருவிநத்தம். புதுச்சேரி மாநிலத்தில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கிராமம். தென்பெண்ணை ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். எங்களுக்கு விமானம் என்றால் வயலில் வேலை செய்யும்போது உச்சி வானத்தில் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு போகும் ஒரு புள்ளி. அவ்வளவுதான். சத்தம்கூடச் சரியாகக் கேட்காது.

அதுவும் அது பணம் புரளாத நேரம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் ஏறி, வயலெல்லாம் சேறானது. அந்த ஈரம் காய்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று பேருக்கு டிக்கெட், பேருந்து, சாப்பாடு என்று அண்ணி விரல்விட்டு எண்ணியதற்குக் காரணம் இருந்தது.

ஆனால் போகவேண்டிய காரணமும் ஒன்று இருந்தது. அது அண்ணன் மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குப் போர் விமானம் ஓட்டவேண்டுமாம்.

எங்கே பிடித்தது இந்த ஆசை?

2024 அக்டோபர் 6. இந்திய விமானப்படையின் 92-வது ஆண்டு விழாவுக்காகச் சென்னை மெரினாவில் சாகச நிகழ்ச்சி. பாப்பா அதை செல்போனில் நேரலையாகப் பார்த்தாள். சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. போவதற்கு முன்பே அனுமதி கேட்டிருந்தாள். "அவ்ளோ கூட்டத்துல வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க போய் நிக்கிறது?" என்று அண்ணி மறுத்துவிட்டார்.

அன்று மாலை வந்த செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். லட்சக்கணக்கான மக்கள், உச்சி வெயில், தண்ணீருக்குத் தவிப்பு, வீடு திரும்ப வழியில்லாத நெரிசல். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அண்ணி ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார். பாப்பா வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "அத்தை, எனக்கு அதைப் பார்க்க மட்டும் ஆசை இல்ல. ஓட்டணும்."

நான் இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒருவாட்டி பக்கத்துல கூட்டிட்டுப் போய்க் காட்டு. சத்தத்தைக் கேட்டுப் பயந்துட்டா ஆசை அதோட போயிடும். பயப்படலன்னா அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அண்ணி உடனே, "அப்போ நானும் வரேன்" என்றார். மகளைத் தனியாக அனுப்ப மனமில்லை. மகள் பயப்படுவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றும் நினைத்திருப்பார்.

ஏன் பெங்களூரு?

தமிழ்நாட்டிலேயே விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. தாம்பரத்தில் விமானப் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி நடக்கிறது. கோவை பக்கத்தில் சூலூரில் தேஜஸ் விமானங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 விமானங்களின் படைப்பிரிவு ஒன்று இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் காவல் போட்ட இடங்கள். ஓடுபாதை ஓரத்தில் நாம் போய் நிற்க முடியாது.

சாதாரண மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஒரு போர் விமானம் தரையிலிருந்து கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க நம் நாட்டில் பெரிய வாய்ப்பு என்றால் அது 'ஏரோ இந்தியா'தான். 1996-ல் தொடங்கிய கண்காட்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெங்களூரு எலஹங்கா விமானப்படைத் தளத்தில் நடக்கிறது. 2025-ல் 15-வது முறையாகப் பிப்ரவரி 10 முதல் 14 வரை நடந்தது. கடைசி இரண்டு நாளும் பொதுமக்களுக்கு. விமானங்கள் பறப்பதை மட்டும் பார்க்கும் பகுதிக்கு டிக்கெட் 1,000 ரூபாய்.

புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கு விமானமே உண்டு. நாங்கள் போனது ராத்திரி பேருந்தில்! திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் விடியற்காலையில் இறங்கினோம். அண்ணி கட்டிய புளிச்சோறு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர்

காலை ஒன்பது மணிக்கெல்லாம் பார்வையாளர் பகுதி நிறைந்துவிட்டது. முன்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளி. அதைத் தாண்டி ஓடுபாதை. பெங்களூரு குளிரும் ஊர் என்று நினைத்துப் போன எங்களுக்குப் பத்து மணி வெயிலே போதும் போதும் என்றாகிவிட்டது. அண்ணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் பேச்சைக் கேட்டு, "தமிழா? எந்த ஊரு?" என்று ஒரு பெரியவர் திரும்பினார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். விமானப்படையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஊர் பெயரைச் சொன்னதும் சிரித்தார். "குருவிநத்தமா? சரியான ஊர்லேருந்துதான் வந்திருக்கீங்க!"

அவர் சத்தமாகப் பேசினார். நாங்கள் சொன்னதை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார். "ஐயாவுக்குக் காது...?"

"எஞ்சின் பக்கத்துல நின்ன காதும்மா இது. காதுல மாட்டுறதுக்குக் குடுப்பாங்க. இளவயசு. 'இதெல்லாம் எதுக்கு'ன்னு கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டுத் திரிவேன். இப்போ பேரன் பேசுறது பாதிதான் கேக்குது" என்றார். பிறகு பாப்பாவைப் பார்த்து, "நீ காதுக்கு என்ன கொண்டு வந்தே?" என்றார்.

அவள் கைவிரலைக் காட்டினாள்.

பெரியவர் பையைத் திறந்து, ஹெட்போன் போல இருக்கும் காது மூடி ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். எனக்கும் அண்ணிக்கும் காதுக்குள் அடைத்துக்கொள்ளும் நுரை அடைப்பான். "பைலட் ஆகணும்னு ஆசைப்படுற புள்ளைக்குக் காது முக்கியம். மெடிக்கல்ல காதையும் டெஸ்ட் பண்ணுவாங்க, தெரியுமா?"

நாங்கள் யாரும் இதை யோசித்திருக்கவில்லை. சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 10 கூடினால் சத்தத்தின் ஆற்றல் 10 மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். நாள் முழுக்க 85 டெசிபல் சத்தத்தில் இருந்தாலே காதுக்குக் கெடுதல். 120-க்கு மேலே போனால் காது வலிக்கத் தொடங்கும். கிளம்பும் ஜெட் விமானத்துக்குப் பக்கத்தில் நின்றால் 130, 140 வரை போகும். நல்ல காது மூடி 20 முதல் 30 டெசிபல் வரை குறைத்துக் கொடுக்கும். கொஞ்சம்போலத் தோன்றும் இந்த வித்தியாசம்தான் காதைக் காப்பாற்றுவது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நொடி

முதலில் ஹெலிகாப்டர்கள் வந்தன, பயிற்சி விமானங்கள் பறந்தன. பாப்பா கை தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி கொட்டாவி விட்டார். "இதுக்குத்தானா?" என்பதுபோல என்னை ஒரு பார்வை.

அப்போது ஓடுபாதையின் கோடியில் ஒரு விமானம் மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. இரண்டு வால், நீண்ட கழுத்து, சாம்பல் நிறம். "சுகோய்-30. நம்ம தஞ்சாவூர்ல இருக்குதே, அதேதான்" என்றார் பெரியவர். "இப்போ பேசாதீங்க. பின்னாடி மட்டும் பாருங்க."

பார்த்தோம். எஞ்சின் வாயிலிருந்து வெப்பம் கிளம்பி, அதற்குப் பின்னால் இருந்த மரங்களெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தன. சட்டென்று இரண்டு எஞ்சின்களின் பின்னாலும் தீ நீளமாக நீண்டது. கோயில் திருவிழாவில் தூரத்தில் வெடி வெடித்தால் வெளிச்சம் முதலில் தெரிந்து சத்தம் பிறகு வருமே, அதுபோல முதலில் தீதான் தெரிந்தது. ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை.

அப்புறம் வந்தது.

அதைச் சத்தம் என்று சொல்வதா என்றே எனக்குத் தெரியவில்லை. காதில் அடைப்பான் இருக்கிறது. ஆனால் அது காது வழியாகவா வந்தது? காலுக்குக் கீழே தரை வழியாக வந்தது. நெஞ்செலும்பில் வந்து மோதியது. கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கியது. வயிற்றுக்குள் யாரோ பறை அடிப்பதுபோல இருந்தது. என்னையறியாமல் பக்கத்தில் இருந்த அண்ணியின் கையைப் பிடித்தேன். அவர் என் கையை ஏற்கெனவே பிடித்திருந்தார்.

விமானம் எங்களைத் தாண்டி ஓடியது. கண் இமைத்துத் திறந்தால் முன்சக்கரம் மேலே இருந்தது. அடுத்த நொடி தரையில் இல்லை. சாய்வாக ஏறிப் போகும் என்று நினைத்தால், அது ராக்கெட் போல மூக்கை நேராக வானத்துக்குத் தூக்கி ஏறியது. எரியும் இரண்டு வட்டங்கள் மட்டும் எங்களைப் பார்த்தபடி சின்னதாகிக்கொண்டே போயின. எல்லாம் பத்துப் பன்னிரண்டு நொடிதான்.

சத்தம் அடங்கியதும் சுற்றிலும் குழந்தைகள் அழும் குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நான் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அண்ணி பதறிப்போய், "பயந்துட்டியாம்மா?" என்றார்.

அவள் காது மூடியை எடுத்துவிட்டு, "இல்லம்மா. ஏன் அழுறேன்னு எனக்கே தெரியல" என்றாள்.

பின்னால் தீ எதற்கு?

அடுத்த விமானம் வருவதற்குள் பெரியவர் பாடம் எடுத்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால் காற்று பின்னால் போகும், பலூன் முன்னால் பாயும். ஒன்பதாம் வகுப்பில் பாப்பா படித்த நியூட்டன் விதிதான். ஜெட் எஞ்சின் முன்னால் காற்றை இழுக்கிறது. இழுத்த காற்றை அழுத்துகிறது. அதில் எரிபொருளைத் தெளித்து எரிக்கிறது. சூடாகி விரிந்த காற்றைப் பின்னால் பீய்ச்சியடிக்கிறது. பயணிகள் விமானமும் இப்படித்தான்.

போர் விமானத்தில் இன்னொன்று சேர்த்திருக்கிறார்கள். ஒருமுறை எரிந்து வெளியே போகும் காற்றிலும் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். வெளியேறும் குழாயிலேயே இன்னொரு முறை எரிபொருளைத் தெளித்து எரித்தால் தள்ளும் விசை இன்னும் கூடும். அதுதான் 'ஆஃப்டர் பர்னர்'. நாங்கள் பார்த்த தீ அதுதான். சுகோய்-30ல் ஓர் எஞ்சின் இது இல்லாமல் ஏறக்குறைய 7.7 டன் விசையில் தள்ளும். இதைப் போட்டால் 12.5 டன். இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து 25 டன். காலி விமானத்தின் எடை 18 டன் சொச்சம். எரிபொருளைக் குறைவாக நிரப்பினால், தன் எடையைவிட அதிக விசையோடு மேலே தள்ளப்படுகிறது. அதனால்தான் அப்படி நேராக ஏற முடிகிறது.

"அப்போ எப்பவுமே அப்படியே ஓட்டலாமே?" என்றாள் பாப்பா.

"பெட்ரோல் பங்க்கையே பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டுப் போகணும்" என்றார் பெரியவர். விசை ஒன்றரை மடங்கு கூடும். எரிபொருள் செலவு பல மடங்கு எகிறும். அதனால் கிளம்பும்போதும் அவசரத்துக்கும் மட்டும்தான்.

சின்னக் குருவி போதும்!

"எங்க ஊர் பேரைக் கேட்டு ஏன் சிரிச்சீங்க?" என்று அண்ணி கேட்டார். கொட்டாவியெல்லாம் போய், அவர்தான் இப்போது அதிகமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ பெரிய எஞ்சினுக்கு எதிரி குருவிதாம்மா" என்றார் பெரியவர். வேகமாகப் போகும் விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு பறவை புகுந்தால் உள்ளே சுற்றும் தகடுகள் உடையலாம். கிளம்பும் நேரத்தில் அது நடந்தால் சமாளிக்க உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது. அந்தக் கண்காட்சிக்காக எலஹங்கா தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி பெங்களூரு மாநகராட்சி உத்தரவு போட்டிருந்தது. இறைச்சிக் கழிவைத் தேடிப் பருந்துகள் வட்டமடிக்கக் கூடாது என்பதற்காக.

பறவை மட்டும் இல்லை. ஒரு சின்னக் கல், கழன்று விழுந்த ஒரு திருகு போதும். அதனால் ஓடுபாதையில் ஆட்கள் வரிசையாக நடந்து, தரையைப் பார்த்தபடி கல் பொறுக்குவார்களாம்.

"அரிசியில கல் பொறுக்குற மாதிரியா?" என்றார் அண்ணி.

"அதேதான். ஒரு கல்லை விட்டா சோறு சாப்பிடறவன் பல்லு போகும். இங்க ஒரு கல்லை விட்டா ஆளே போயிடும்."

அண்ணி அதற்குப் பிறகு விமானத்தைவிட, அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தார்.

மதியம் தேஜஸ் கிளம்பியது. சுகோயில் பாதிகூட இல்லாத சின்ன விமானம், ஒற்றை எஞ்சின். நம் நாட்டில் வடிவமைத்துக் கட்டியது. எஞ்சின் மட்டும் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தினுடையது. சத்தம் சுகோய் அளவுக்கு இல்லை என்றாலும் நெஞ்சு அதிர்ந்தது. ரஷ்யாவின் சுகோய்-57, அமெரிக்காவின் எஃப்-35 இரண்டும் அந்தக் கண்காட்சிக்கு வந்திருந்ததால் கூட்டம் முழுக்க அதே பேச்சு. சூரியகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் அம்பு போல வரிசை கட்டி வந்தபோது பாப்பா எழுந்து நின்றுவிட்டாள்.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம்

சூரியகிரண் போன பிறகு பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். 2019 பிப்ரவரி 19-ம் தேதி இதே எலஹங்காவில், கண்காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில், இதே குழுவின் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்துபோனார்.

"புள்ளைக்கு முன்னாடி இதை ஏன் சொல்றேன்னு நினைக்காதீங்க. மேல போறது மட்டும் பார்த்துட்டு ஆசைப்படக் கூடாது. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணி அனுப்பிவிட்ட நாங்கள்லாம் அது திரும்பி வந்து சக்கரம் தரையில படுற வரைக்கும் டீ குடிக்கப் போக மாட்டோம்" என்றார்.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு விமானமும் இறங்கும் வரை அவர் கண் வானத்திலேயே இருந்ததை நான் கவனித்தேன்.

திரும்பும்போது பாப்பா காது மூடியைக் கழற்றிப் பெரியவரிடம் நீட்டினாள். "வச்சுக்கோ. அடுத்த வாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கும்போது போட்டுக்கோ" என்றார்.

எந்த குரூப் எடுப்பது?

ஊர் திரும்பியதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பயந்தாளா?"

"இல்ல. நான்தான் பயந்தேன்" என்றார் அண்ணி.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு மாறியது. 'முடியாது' என்பது போய், 'எப்படி?' என்று வந்தது. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பையனோ இருக்கலாம் என்பதால் இங்கே சொல்கிறேன்.

போர் விமானம் ஓட்டும் பிரிவில் பெண்கள் முதன்முதலில் சேர்ந்தது 2016 ஜூன் 18. அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்று மூன்று பேர். 2018 பிப்ரவரியில் அவனி சதுர்வேதி மிக்-21 விமானத்தைத் தனியாக ஓட்டினார். ப்ளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய தேசியப் பாதுகாப்பு அகாடமியின் கதவு பெண்களுக்கு 2022-ல்தான் திறந்தது. அந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

அகாடமிக்கான தேர்வை யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. சேரும்போது பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள் இருக்கவேண்டும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, விமானிக்கான தனிச் சோதனை, மருத்துவப் பரிசோதனை. விமானி ஆக உயரம் ஏறக்குறைய 163 செ.மீ. வேண்டும். இதைச் சொன்ன அன்றே பாப்பா சுவரில் கோடு போட்டு அளந்துவிட்டாள். இன்னும் நான்கு செ.மீ. பாக்கி! அகாடமியில் இடம் கிடைக்காவிட்டால், பட்டப்படிப்பு முடித்து 'ஆஃப்கேட்' தேர்வு எழுதியும் போகலாம்.

ஆனால் எந்த வழியில் போனாலும் ஒன்று கட்டாயம். ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்கவேண்டும். கணக்கை விட்டுவிட்டு வேறு குரூப் எடுத்தால், பதினைந்து வயதிலேயே இந்தக் கதவு மூடிவிடும். பல வீடுகளில் இது தெரியாமலேயே குரூப் தேர்வு செய்யப்படுகிறது. அண்ணியும் பாப்பாவுக்கு வணிகவியல் என்றுதான் முடிவு செய்து வைத்திருந்தார். பேங்க் வேலை, பக்கத்திலேயே இருக்கலாம் என்ற கணக்கு.

நவம்பர் 21

2025 நவம்பர் 21. துபாய் விமானக் கண்காட்சியில் சாகசம் செய்துகொண்டிருந்த தேஜஸ் விமானம் விழுந்து எரிந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்துபோனார். ஹிமாசலப் பிரதேசத்துக்காரர், சூலூரில் பணியாற்றியவர். 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே ஒரு தேஜஸ் விழுந்தபோது விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார். துபாயில் அந்த வாய்ப்பு அமையவில்லை.

வீடியோ அரைமணி நேரத்தில் எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. அண்ணியும் பார்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, விமானப்படை சீருடையில் நின்று கணவருக்கு சல்யூட் அடித்த அவருடைய மனைவியின் படத்தையும் பார்த்தார். அன்று அவர் சமைக்கவில்லை. நான்தான் போய் உலை வைத்தேன்.

பாப்பா புத்தகத்தோடு மாடியில் உட்கார்ந்திருந்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பது?

போகிறவர்களுக்கு...

அடுத்த ஏரோ இந்தியா வழக்கப்படி 2027-ல் வரவேண்டும். அதற்கு முன்பே உங்கள் ஊர்ப் பக்கம் விமான சாகச நிகழ்ச்சி நடக்கலாம். குடும்பத்தோடு போனால் இவற்றை மறக்காதீர்கள்:

* குழந்தைகளுக்குக் காது மூடி கட்டாயம். பெரியவர்களுக்கு நுரை அடைப்பானாவது வேண்டும். பஞ்சு வைத்தால் போதாது. கைக்குழந்தைகளை அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.
* ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி, உப்பு-சர்க்கரைக் கரைசல். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம்.
* உள்ளே போனதும் கழிவறை, முதலுதவி, வெளியே போகும் வழி மூன்றும் எங்கே என்று பார்த்துவைத்துவிட்டு உட்காருங்கள்.
* நிகழ்ச்சி முடிந்த உடனே எல்லோரும் கிளம்புவார்கள். அரைமணி நேரம் நிழலில் உட்கார்ந்து, கூட்டம் குறைந்த பிறகு கிளம்புங்கள்.
* சாப்பிட்ட மிச்சத்தைக் கீழே போடாதீர்கள். அது பறவையை இழுக்கும். பறவை விமானத்துக்கு ஆபத்து.
* விமானம் கிளம்பும்போது போனைக் கீழே வையுங்கள். அந்தச் சத்தம் எந்த போனிலும் பதிவாகாது. நான் எடுத்த வீடியோவில் கேட்பதெல்லாம் கரகரவென்ற இரைச்சல்தான்.

அண்ணியின் கேள்வி

இப்போது பாப்பா பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். புதுச்சேரி அரசுப் பள்ளிகளெல்லாம் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டதால் பாடம் கொஞ்சம் கடினம். சுவரில் கோடு மூன்று செ.மீ. ஏறியிருக்கிறது.

பொங்கல் முடிந்த ஒருநாள், களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. குருவிகள் வந்து கொத்தாமல் அண்ணி கையில் கோலோடு உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உயரத்தில் ஒரு விமானம் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு போனது. முன்பெல்லாம் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அன்று அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, கணக்கு, பிசிக்ஸ் ரெண்டும் சேர்ந்த குரூப் பாகூர்லயே இருக்குதா, இல்ல பாண்டிக்கு அனுப்பணுமா?"

"விசாரிக்கிறேன் அண்ணி" என்றேன். "பயம் போயிடுச்சா?"

"அது எப்படிப் போகும்? அந்தச் சத்தம் இன்னும் நெஞ்சுக்குள்ளதான் இருக்குது" என்றவர், கோலைத் தரையில் தட்டிக் குருவிகளை விரட்டினார். "ஆனா அன்னிக்கு அவ அழுததையும் நான்தானே பக்கத்துல நின்னு பார்த்தேன். நீ விசாரிச்சு வை. மார்க்கு வரட்டும்."